தப்பை அடித்தது யார்?

மலையகத்தைப் பற்றி நான் வாசித்த கதை, கவிதைகளில் பலவற்றில் பொழுது தப்புச் சத்தத்தோடுதான் விடிகிறது. 'தப்பு முழங்கியது' என்பார்கள், 'தப்பு அதிர்ந்தது' என்பார்கள். ஏதோ தப்பு தானாகவே எழுந்து தன்னையே அடித்துக்கொண்டது போல.

எங்கள் தோட்டத்தில் அதை அடித்தவர் என் தாத்தா. தலவாக்கொல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெரட்டுக்கு ஆள் கூட அவர் அடிக்க வேண்டும். பெரிய கங்காணி வீட்டில் எழவு என்றாலும் அவர்தான் அடிக்க வேண்டும்.

சி.வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டக் கவிதையிலிருந்தே இந்தக் கேள்வியைத் தொடங்கலாம். 1950-களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, சக்தீ பால-ஐயாவின் தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என வந்த பிரதி. அதுவும் தப்பொலியில்தான் விடிகிறது. அந்த மக்களுக்காக சி.வி. அளவுக்கு உருகியவர்கள் அதிகம் இல்லை. தொழிற்சங்கத்தில் நின்றார், 1947-இல் தலவாக்கொல்லையிலிருந்து பாராளுமன்றம் போனார், வாய்மொழிப் பாட்டுகளைச் சேகரித்தார். எல்லாம் சரி. ஆனால் அவர் பெரிய கங்காணிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கவிதையில் தப்பு எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறது என்று கவனியுங்கள். அது லயத்துக்குள் கேட்கும் சத்தம் அல்ல, மேட்டு வீட்டில் படுத்திருப்பவர் காதில் விழும் சத்தம். அதில் சோகம் இருக்கிறது, அடிக்கிறவனின் விரல் இல்லை.

புதுமைப்பித்தன் வேறு மாதிரி. 'துன்பக்கேணி'யின் மருதி சேரிப் பெண் என்பதை அவர் ஒளிக்கவில்லை. அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவள்மேல் வந்து விழும் துன்பத்துக்குத்தான் கணக்கு இருக்கிறது. அந்நிய மலையில் அவள் என்ன ஆக்கினாள், யாரோடு சண்டை போட்டாள், கைப்பிள்ளையை எங்கே விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள் என்பதற்கு அந்தக் கேணியில் இடம் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை தோழர்களே. குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியதை நம் எழுத்து பாசக் கதையாகவோ பஞ்சக் கதையாகவோ சொல்லி முடித்துவிடுகிறது. பஞ்சம் உண்மைதான். ஆனால் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு அதிலும் குறைவு. குடும்பத்தையே கூட்டிப்போனால் எல்லோரும் தலைதான். புருஷன் பேரில் இருக்கும் கடன் துண்டுச் சீட்டாகி, அவனோடு சேர்ந்து தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். 1921-இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. பிரட்டுக்காரர்களில் பெரும்பகுதி சேரியிலிருந்து போனவர்கள், கங்காணிகளில் பலர் ஊர்த் தெருவிலிருந்து போனவர்கள். கடல் தாண்டியும் சாதிக்கு ஒரு லயம் என்று பிரித்துத்தான் குடிவைத்தார்கள். இதையெல்லாம் 'பாட்டாளி' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவைத்தது நம் முற்போக்கு விமர்சனம். சாதியைப் பேசினால் தொழிலாளர் ஒற்றுமை உடையும் என்று எனக்கும் புத்தி சொன்னார்கள். லயம் பிரித்துக் கட்டியபோது உடையாத ஒற்றுமையா, நான் எழுதினால் உடைந்துவிடும்?

இந்த மூடலால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன்.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எங்கள் வீட்டையும் அது பங்கு போட்டது. தாத்தா அங்கே, நாங்கள் இங்கே. 1973-இல் அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான், தம்பி, பால்குடி மறக்காத தங்கச்சி. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல். பிறகு மண்டபம் முகாம். பிறகு கோத்தகிரி. 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தார்கள். அம்மா இந்த மண்ணை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது? நாங்கள் அறையைக் காம்பரா என்றோம், ரொட்டியைப் பாண் என்றோம், பள்ளிக்கூடம் சிரித்தது. அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன்.

அப்பா ஒருமுறை துறையூர்ப் பக்கம் தன் பாட்டன் ஊரைத் தேடிப் போனார். தெருமுனையில் ஒருத்தர் "யாரு மவன்?" என்றார். அடுத்த கேள்விக்கே எங்கள் ஆதி அந்தம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றச் சொன்னார். "தோட்டத்துல தொரைக்குக் கொடைய மடக்குனேன், இங்க தெருவுக்குச் செருப்பக் கழட்டுனேன்" என்றார் அப்பா, திரும்பி வந்து.

சில வருஷம் கழித்து எனக்குச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. அலுவலகத்தில் குடும்ப அட்டையைப் புரட்டிப் பார்த்தார்கள். "நீங்க என்ன சாதிங்கிறதுக்கு ஆதாரம் எங்க? எல்லாப் பேப்பர்லயும் தோட்டத் தொழிலாளின்னுதான இருக்கு?" தெருமுனையில் அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடித்த சாதியை அந்த அலுவலகத்தால் இரண்டு வருஷம் கண்டுபிடிக்க முடியவில்லை. படிப்பு இரண்டு வருஷம் பின்னால் போனது. இலக்கியத்திலும் பேப்பரிலும் நாங்கள் 'தொழிலாளி', தெருவில் மட்டும் வேறு.

அதனால் சி.வி.யைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் எடுத்து வாசிக்கிறேன். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அந்தக் கவிதையின் தொடக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "யாரு அடிச்சான்னு போடலையா?" என்றார். இல்லை என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை.

"அந்தக் குளிருக்குத் தோலு தொய்ஞ்சு போயிருண்டா. நாலு மணிக்கே எந்திரிச்சு அடுப்புல காச்சோணும். உங்க தாத்தன் காச்சுறப்ப நான் பக்கத்துல குந்தியிருப்பேன். அந்தச் சூடு நல்லாருக்கும்."