தொப்பியும் தந்தியும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை நெருங்குமுன் வரும் சேரப்பணஞ்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், பகல் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வாடகை அறையில் குளித்துச் சாப்பிட்டபின், நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, பழைய திரைப்பாட்டு ஒன்றின் பத்து விநாடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் கீழ் ஸ்வரங்களைத் தந்தியில் தடவித் தடவிக் கண்டுபிடிக்கும் இளைஞர்கள் சிலரை நான் அறிவேன். இவர்களில் எவருக்கும் நேரில் கற்பிக்கும் ஆசிரியர் கிடையாது; ஒலிப்பதிவே ஆசிரியர், பாட்டே பாடப்புத்தகம். "டிரம்ஸோடு ஒட்டி வாசிக்க வரவேண்டுமானால் யாரைக் கேட்டுப் பழகலாம்?" என்று இவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நாலைந்து பெயர்களைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆயினும், பெயர்களைச் சொல்லுமுன், கேட்டுப் படியெடுத்துப் பயிலும் இந்த முறையின் குணதோஷங்களை ஆராய்வது அவசியம் என்று நினைக்கிறேன். ஏனெனில், எவ்வளவு சிறந்த கலைஞரைத் தேர்ந்துகொண்டாலும், அவரிடம் கற்கவேண்டியது எது என்று தெரியாதவன் ஸ்வரங்களைச் சேர்த்துக்கொண்டே போவானேயன்றி லயத்தைப் பெறமாட்டான்.

டிரம்ஸோடு ஒட்டி வாசிக்கும்போது பிறப்பதாக இளைஞர்கள் சொல்லும் 'க்ரூவ்' என்பதற்கு நம் சங்கீத உலகில் ஒரே சொல்லாக ஈடு இல்லை. நடை, காலப்பிரமாணம், அழுத்தம் என்னும் மூன்றும் சேர்ந்து, கேட்பவன் தன்னை அறியாமல் தலையாட்டும்படி செய்கிற அந்த நிலையைத்தான் அச்சொல் சுட்டுகிறது. இது நமக்கு அந்நியமான அநுபவம் அன்று. ஆனால் கர்நாடக சங்கீதத்தில் பாட்டுக்குக் கீழே தனி வழியில் நடந்து செல்லும் கீழ்க்குரல் என்று ஒன்று இல்லை. தம்புரா ஆதார சுருதியை நிறுத்தி வைக்கிறது. அசைந்து பேசும் கீழ்நாதமோ மிருதங்கத்தின் இடப்புற முகமாகிய தொப்பியிலிருந்தே பிறக்கிறது. ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பி, அதன் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் வித்வான் பக்குவம் பார்ப்பது அந்த நாதத்துக்காகத்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பியில் எழுந்த கும்கி என்னும் கீழ்நாதத்தை அக்காலத்து ரசிகர்கள் கொண்டாடியதற்கும் அதுவே காரணம். ஆகவே, நம் செவியைப் பொறுத்தவரை கீழ்நாதமும் தாளமும் ஒரே வாத்தியத்தின் ஒரே முகத்தில் பிறந்தவை. மேனாட்டு வாத்திய கோஷ்டியில் அவை இரண்டாகப் பிரிந்து, ஒன்று டிரம்ஸ்காரர் மிதிகட்டையால் எழுப்பும் காலடிக்கும் மற்றொன்று பேஸ் கிட்டார்காரரின் விரலுக்கும் போய்ச் சேர்ந்தன. பிரிந்தவற்றை மீண்டும் ஒரே முகமாக்குவதுதான் பேஸ் வாசிப்பவனின் தர்மம். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற விசாரணைகள் எல்லாம் எளிதாகும்.

படியெடுக்கும் முறையின் குணங்களை முதலில் சொல்வதே நியாயம். அது செவியைக் கூர்மையாக்குகிறது. பாடகரின் குரல், வயலின் கூட்டம், தபலா ஆகியவற்றின் அடியில் புதைந்து கிடக்கும் ஒரு நாதத்தைப் பிரித்தெடுக்கப் பழகிய காது, பிற்பாடு எந்தக் கூட்டத்திலும் தன் இடத்தை அறிந்துகொள்ளும். அது ஞாபகத்தை வளர்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டணத்து இசைப் பள்ளிக்குப் போக நேரமும் பணமும் இல்லாத தொழிலாளிக்கு வித்தையின் கதவைத் திறந்து விடுகிறது. அதிலும் தமிழ் இளைஞனுக்கு வாய்த்திருக்கும் பாடப்புத்தகம் சாமானியமானதன்று. 1976-இல் அன்னக்கிளி படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றவர். தாமே கிட்டார் வாசித்தவர். பேஸ் கிட்டாரைப் பாட்டின் மூலஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் கூலியாளாக வைக்காமல், குரலோடு சம்வாதம் செய்யும் இரண்டாவது பாடகனாக அவர் உயர்த்தினார். 1980-இல் வந்த மூடுபனியில் யேசுதாஸ் பாடும் கிட்டார்ப் பாட்டிலும், 1982-இல் வந்த பயணங்கள் முடிவதில்லையில் பாலசுப்பிரமணியம் பாடும் நிலாப் பாட்டிலும், பாடகரின் குரலை மறந்துவிட்டுக் கீழே ஓடும் பேஸை மாத்திரம் கேட்டாலும் ஒரு முழுப் பாட்டைக் கேட்ட திருப்தி உண்டாகும்.

அந்த பேஸ் வரிகள் இசையமைப்பாளரால் ஸ்வரம் ஸ்வரமாக எழுதப்பட்டவை. அவற்றை நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். அவரோடு டிரம்ஸில் அமர்ந்தவர் புருஷோத்தமன். எழுதிக் கொடுத்ததை வாசிப்பதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் உண்டு. காகிதத்தில் ஸ்வரம் இருக்கும், அதன் கால அளவும் இருக்கும். ஆனால் தந்தியை எவ்வளவு அழுத்தித் தொடுவது, டிரம்ஸின் காலடிக்கு மயிரிழை முன்னே விழுவதா பின்னே விழுவதா, நாதத்தை எந்தக் கணத்தில் அடக்குவது என்பவை காகிதத்தில் இரா. சசிதரனின் வாசிப்பில் நான் வியப்பது அவருடைய வேகத்தையன்று. எவ்வளவு சிக்கலான வரியை வாசிக்கும்போதும் அது சிக்கலானது என்று காட்டிக்கொள்ளாத அடக்கத்தை. மேலும், அக்காலத்து ஒலிப்பதிவில் வாத்தியக் கலைஞர்களும் பாடகரும் ஒரே சமயத்தில் கூடி வாசித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பயபக்தியில் விளைந்த ஒருமைப்பாட்டை அப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம்.

இனி, தோஷங்களுக்கு வருவோம். முதல் தோஷம், படியெடுப்பவன் ஸ்வரத்தின் பிறப்பை மாத்திரம் கவனித்து அதன் முடிவைக் கவனியாமல் விடுவது. நிமிஷத்துக்கு நூறு அடி என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அடிக்கு 0.6 விநாடி, அதைக் காலாகப் பகுத்தால் 0.15 விநாடி. இந்த அளவில், அடங்கவேண்டிய நாதம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு அதிகமாக நின்றுவிட்டாலும் அடுத்து ஸ்னேர் டிரம்மில் விழும் குச்சியடியின் கூர்மை மழுங்கிப் போகும். ஸ்வரங்கள் அத்தனையும் சரியாக இருந்தும் பாட்டு மட்டும் சேற்றில் நடப்பதுபோல் இருக்கிறதே என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இதுதான். நம் மிருதங்க வித்வான் தொப்பியில் நாதத்தை எழுப்பிய அதே கையால் அதை அடக்கவும் அறிந்தவர். தந்தி வாசிப்பவனுக்கும் அதே பொறுப்பு உண்டு.

சென்ற ஆடி மாதத்தில், பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் நடந்த மெல்லிசைக் கச்சேரியில் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் அன்று பேஸ் வாசித்தான். பாட்டுகளை அணு பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தான். ஆயினும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள்கூட அசையவில்லை. நடுவில் ஜெனரேட்டர் நின்று கச்சேரி தடைப்பட்டபோது, டிரம்ஸ் வாசித்த பெரியவர் அவனை அருகில் அழைத்து, "தம்பி, என் கையை எதுக்குப் பாக்குற? காலைப் பாரு. கால் விழும்போது நீ வா, ஸ்னேர்ல குச்சி விழும்போது விரலை எடுத்துடு" என்றார். "சரிண்ணே" என்று அவனும் தலையசைத்தான். விளக்கு வந்தபின் அவன் நின்ற இடத்தை மாற்றிக்கொண்டு, பேஸ் டிரம்மின் மிதிகட்டை கண்ணுக்குத் தெரியும்படி நின்றான். ஸ்வரங்களில் பாதியை விட்டுவிட்டான். இடக்கை விரலைத் தந்தியிலிருந்து முழுவதும் எடுத்துவிடாமல், சற்றே தளர்த்தி நாதத்தை அடக்கினான். இரண்டாவது பாட்டில் பந்தலின் ஓரத்தில் நின்றவர்கள் தாளம் போடத் தொடங்கினார்கள். மனப்பாடத்தில் வராத ஒன்று அன்று ஒரு வார்த்தையில் வந்தது.

இரண்டாவது தோஷம் கருவியினால் நேர்வது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. பழைய திருவிழாக்களில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியோ, இன்று கையிலுள்ள செல்போனின் ஒலிபெருக்கியோ அவ்வளவு தாழ்ந்த நாதத்தை வெளியிட வல்லதன்று. அதன் மேல் எழும் கிளைநாதங்களையே நாம் கேட்கிறோம். ஆகையால், செல்போனைத் திறந்து வைத்துப் படியெடுப்பவன் வரியின் நிழலைப் படியெடுக்கிறான். ஹெட்போன் இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்க்கிறது. மூன்றாவது தோஷம், காதால் மாத்திரம் பயின்றவனுக்கு ஸ்வரக் குறிப்பை வாசிக்கும் பழக்கம் வாராமல் போவது. சசிதரன் போன்றவர்கள் எழுதிய தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தவர்கள் என்பதை அவர்களைப் படியெடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நான்காவதே எல்லாவற்றிலும் பெரியது: இருவர் செய்த காரியத்தில் ஒருவரை மாத்திரம் பிரித்தெடுத்துப் பயில்வது. இதை விளங்கிக்கொள்ள, நம் ஒரகடத்தைப் போலவே மோட்டார் வாகனங்களால் பெயர்பெற்ற ஓர் ஊருக்குச் செல்வது பொருத்தமாக இருக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டார்த் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வேலை செய்த பெர்ரி கோர்டி என்பவர், 1959-இல் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். மோட்டார் நகரம் என்ற பொருளிலேயே அது மோட்டவுன் எனப் பெயர் கொண்டது. லைனில் வெறும் சட்டமாக நுழைந்தது முழு வண்டியாக வெளிவருவதைக் கண்ட அவர், பாட்டுகளையும் அவ்விதமே ஆக்க நினைத்தார். அங்கே பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983). வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே அவர் தந்தியை மீட்டினார். வரிகளோ கொடிபோல் படர்ந்து செல்பவை. அவை தடுமாறாமல் நின்றதற்கு டிரம்ஸில் இருந்த பென்னி பெஞ்சமினின் அசையாத காலப்பிரமாணமும் ஒரு முக்கிய காரணம். பெஞ்சமினைக் கேளாமல் ஜேமர்சனைப் படியெடுப்பவன், கொழுகொம்பை விட்டுக் கொடியை மாத்திரம் பிடுங்கி வந்து நடுகிறான்.

இதற்கு நேர்மாறான இணை மெம்ஃபிஸ் நகரத்தில் பேஸ் வாசித்த டொனால்ட் டக் டன்னும் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்ஸனும். ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளில் டன் வாசித்தவை பெரும்பாலும் எளிய வரிகள்; ஆரம்ப மாணவனும் ஒரு மணி நேரத்தில் ஸ்வரங்களைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அவற்றுக்கிடையே டன் விட்டுவைத்த மௌனம் ஜாக்ஸனின் அடிகளுக்காக விட்டுவைக்கப்பட்டது. அந்த மௌனத்தைப் படியெடுப்பது ஜேமர்சனின் ஓட்டத்தைப் படியெடுப்பதைக் காட்டிலும் கடினம். என் அபிப்பிராயத்தில், தொடங்குபவன் டன்னிடம் தொடங்கி, சசிதரனிடம் வளர்ந்து, ஜேமர்சனிடம் போய்ச் சேர்வதே முறையான வரிசை. நம் இளைஞர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காலமும் மாறியிருக்கிறது. 1986-இல் புன்னகை மன்னனில் கம்ப்யூட்டர் தாளம் தமிழ்த் திரையிசைக்குள் பெரிய அளவில் நுழைந்தது. 1992-இல் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ரோஜா வந்தபின், கலைஞர்கள் தனித்தனி நேரத்தில் வந்து, முன்னரே பதிந்த தாளத்துக்கு வாசித்துப் போகும் வழக்கம் வேரூன்றியது. இதனால் சுருதியும் காலமும் பிழையின்றி அமைந்தன. பேஸின் நாதமும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ரகுமானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸ் வரிகளைக் கேட்டால், யந்திரத் தாளத்துக்கும் மனித மூச்சைக் கொடுக்க முடியும் என்பது விளங்கும். ஆனால், யந்திரம் நமக்காகக் காத்திராது. நாம் தயங்கினாலும் அது தயங்காது. எதிரே ஒரு மனிதன் இருந்து, அவன் முகத்தைப் பார்த்து, அவன் மூச்சோடு மூச்சாக நடக்கும் வித்தையை அதனிடம் கற்க முடியாது. இன்று சிறிய மெல்லிசைக் குழுக்களில், செலவைக் குறைப்பதற்காக, கீபோர்டுக்காரரே இடக்கையால் பேஸ் வாசிக்கிறார், டிரம்ஸுக்குப் பதில் ரிதம் பேட் வைக்கப்படுகிறது. ஓர் ஆள் கூலியை மிச்சம் பிடிக்கும் அவர்கள் கஷ்டத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும், இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் கவனித்துக் கற்கும் இடம் அதனால் மேடையிலிருந்தே மறைகிறது என்ற துக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே, என் முடிவு இது. படியெடுத்துப் பயிலும் முறையைக் கைவிட வேண்டியதில்லை. எடுக்கும் படியை மாற்ற வேண்டும். பாட்டைக் கேட்கும்போது முதலில் டிரம்ஸின் காலடியை மாத்திரம் தொடையில் தட்டுங்கள். பின் ஸ்னேரைக் கைதட்டலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்விரண்டும் உடம்பில் ஊறிய பிறகு பேஸ் வரியை வாயால் பாடுங்கள், ஒவ்வொரு ஸ்வரமும் முடியும் இடத்தில் வாயை மூடுங்கள். தந்தியைத் தொடுவது அதன் பின்னர்தான். முடிந்தால், இரவு எட்டு மணிக்கு மேல், தப்போ பேடோ கையில் கிடைத்ததைக் கொண்டு தாளம் வாசிக்கும் நண்பன் ஒருவனை அறைக்கு அழைத்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே ஒரு ஸ்வரத்தை அவனோடு அரைமணி நேரம் வாசித்துப் பாருங்கள். அந்த ஒரு ஸ்வரத்தில், எது அவன் அடி, எது உங்கள் நாதம் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு கணம் வரும். ரவை அப்பிய தொப்பியிலிருந்து நம் முன்னோர் கேட்டது அந்த நாதத்தைத்தான்.