சிறிய கோளும் பெரிய தோளும்

செயற்கைக் கோள் செய்வதற்குப் பெரிய அரசும் அளவற்ற பணமும் வேண்டும் என்பதே ஒரு காலத்தில் பொது எண்ணமாக இருந்தது. அதை உடைத்தவர் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பொறியியலாளர் மார்ட்டின் ஸ்வீட்டிங். அமெச்சூர் ரேடியோவில் நாட்டம் கொண்ட இவர், சிறு குழுவொன்றுடன் சேர்ந்து, கடையில் கிடைக்கும் மின்னணு உறுப்புகளைப் பெரிதும் பயன்படுத்தி யூஓசாட்-1 என்ற செயற்கைக் கோளைச் செய்தார். சுமார் 50 கிலோ எடையுள்ள அது 1981 அக்டோபர் 6-ல் விண்ணேறியது. 1985-ல் நான்கு பேருடனும் 100 பவுன் முதலுடனும் பல்கலைக் கழகத்தின் சார்பில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. 2002-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

இவரைப் புகழ்வோர் பெரும்பாலும் 'மலிவு' என்ற ஒரே சொல்லில் நின்று விடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

யூஓசாட்-1-ஐ ஏற்றிச் சென்றது அமெரிக்காவின் டெல்டா ராக்கெட். அதன் முதன்மைச் சுமை வேறொரு ஆராய்ச்சிக் கோள். எஞ்சிய இடத்தில்தான் சிறியது பயணம் செய்தது. 1982 ஏப்ரலில் நிரலில் நேர்ந்த பிழையால் அதன் இரண்டு ரேடியோ பரப்பிகளும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கின. பக்கத்தில் ஒலிபெருக்கி அலறும்போது தொலைவிலிருந்து அழைப்பவர் குரல் நம் காதில் விழுமா? அதுபோலவே, தரையிலிருந்து வந்த கட்டளை கோளின் ஏற்பியில் பதியவில்லை. செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலுள்ள 150 அடி விட்டமுள்ள அலைவாங்கியைக் கொண்டு மிக வலிய கட்டளை அனுப்பிய பிறகே கோள் மீண்டும் வசப்பட்டது. சிறியதைக் காப்பாற்றப் பெரிய தோள் தேவைப்பட்டது. மலிவுக் கணக்கில் இந்த ராக்கெட்டும் இந்த அலைவாங்கியும் எழுதப்படுவதில்லை.

அப்படியானால் ஸ்வீட்டிங்கின் சாதனை எது? பிழை நேரும் என்று எதிர்பார்த்தே செய்ததுதான். விண்ணில் இருக்கும்போதே புதிய நிரலை ஏற்கக்கூடிய கணிப்பொறியை அவர் கோளில் வைத்தார். ஒன்றில் கற்ற பாடம் அடுத்ததற்கு விரைவில் பயன்பட்டது. யூஓசாட்-2 சுமார் ஆறே மாதங்களில் உருவாகி, 1984 மார்ச்சில் ஏவப்பட்டது. பத்தாண்டுக்கு ஒரு கோள் செய்பவர் பிழைக்கு அஞ்சுவார். அடிக்கடி செய்பவரோ பிழையிலிருந்து கற்பார்.

இதனினும் பெரிது, கற்றதைப் பிறருக்குக் கற்பித்தது. கொரிய மாணவர்கள் சர்ரேயில் பயின்று கிட்சாட்-1-ஐச் செய்தார்கள். 1992-ல் அது ஏவப்பட்டது. மறு ஆண்டே கிட்சாட்-2-ஐத் தம் நாட்டிலேயே செய்து விட்டார்கள். சர்ரேயில் உருவான நைஜீரியசாட்-1, 2005-ல் கட்ரீனா புயல் தாக்கியபோது அமெரிக்காவுக்கே படங்கள் அனுப்பியது. உதவி பெறும் நாடு உதவும் நாடாக மாறியது! விலைப்பட்டியலில் அடங்காத பயன் இது.

குறையும் சொல்லியாக வேண்டும். கோள் மலிந்தால் குப்பையும் மலியும். யூஓசாட்-1 தாழ்ந்த பாதையில் சுற்றியதால் 1989-ல் காற்று மண்டலத்தில் நுழைந்து மறைந்தது. உயர்ந்த பாதையில் விடப்படுபவை அப்படி எளிதில் மறைவதில்லை. யார் வேண்டுமானாலும் கோள் விடலாம் என்ற நிலைக்கு வழி திறந்தவர்களுக்கு, அதை அகற்றும் பொறுப்பிலும் பங்குண்டு. 2018-ல் சர்ரே பல்கலைக் கழகத்தின் தலைமையில் நடந்த சோதனையில், ஒரு சிறு கோள் தான் வெளிவிட்ட இலக்கைத் தானே வலை வீசிப் பிடித்தது. தொடக்கம் நல்லதுதான், ஆனால் அது சோதனையே, தீர்வு அல்ல.

எனவே ஸ்வீட்டிங்கின் வாழ்க்கையிலிருந்து 'குறைந்த செலவு' என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது போதாது. பிழையைத் திருத்த இடம் வைத்துச் செய், கற்றதைப் பகிர்ந்து கொடு, விட்டுச் செல்வதற்கும் பொறுப்பேற்றுக்கொள் என்பவையே முழுப் பாடம். முதல் இரண்டையும் அவர் செய்து காட்டினார். மூன்றாவது, இனி கோள் செய்யப்போகும் மாணவர்களுக்குக் காத்திருக்கும் வேலை.