உட்பைன் வில்லி: ஒரு படைப் பாதிரியாரின் பற்று வரவு

தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் பழைய புத்தகச் சந்தை நடந்த காலத்தில் (2019இல் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்) இருபது ரூபாய்க்கு ஓர் ஆங்கிலக் கவிதை நூல் வாங்கி வந்தேன். 'தி அன்அட்டரபிள் பியூட்டி' என்று பெயர். 1927இல் முதலில் வெளிவந்த தொகுப்பு. மளிகைக் கடைக்காரனுக்கு ஆங்கிலக் கவிதை என்னத்துக்கு என்று வீட்டில் கேட்டார்கள். அட்டை நன்றாக இருந்தது, வாங்கினேன், அவ்வளவுதான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. அந்த நூலைப் பற்றியும் அதை எழுதிய பாதிரியாரைப் பற்றியும் நம் சங்க அன்பர்களோடு சில வார்த்தை.

ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடி 1883இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஒரு பாதிரியார் வீட்டில் ஒன்பது பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்து, ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்று, 1914இல் உர்ஸ்டர் நகரில் ஏழைகள் நிறைந்த ஒரு பங்குக்குப் பாதிரியாரானார். கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுகிற மனுஷர். வீட்டுக் கட்டிலைக்கூட ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பிறவியிலிருந்தே ஆஸ்துமா போல மூச்சுத் தொல்லை உண்டு. இருந்தும் 1915 முடிவில் படைப் பாதிரியாராகப் பிரான்சுக்குக் கப்பலேறினார்.

படைப் பாதிரியார் என்றால் அதிகாரிக்குரிய பதவி உண்டு, கையில் ஆயுதம் கிடையாது. முதலில் ரூவான் நகர ரயில் நிலையம். போர்முனைக்குப் புறப்படும் ரயில்களில் பெட்டி பெட்டியாக ஏறி, ஒரு பையிலிருந்து புதிய ஏற்பாட்டையும் இன்னொரு பையிலிருந்து 'உட்பைன்' என்ற மலிவுச் சிகரெட்டையும் எடுத்துக் கொடுப்பார். சிப்பாய்கள் 'உட்பைன் வில்லி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு முன்வரிசைப் பதுங்குகுழிகளுக்கே போனார். 1917இல் மெஸ்ஸீன் குன்றுப் போரில் குண்டு மழைக்கு நடுவே பள்ளம் பள்ளமாகத் தேடி, அடிபட்டவர்களை எடுத்துவர உதவினார். தம் பக்கத்தாரை மட்டும் அல்ல, எதிரிகளையும். அதற்காக 'மிலிட்டரி கிராஸ்' பதக்கம் கிடைத்தது.

அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிகரெட்டிலும் பதக்கத்திலும் வந்து நின்றுவிடுகிறார்கள். இதற்கு நடுவில் ஒரு சங்கதி இருக்கிறது. அவருடைய நாவன்மையைப் பார்த்த படைத்தலைமை, பயிற்சி முகாம்களில் வீரர்களுக்கு உற்சாகம் ஊட்டப் பேசும் வேலையிலும் அவரை வைத்தது. கூடவே ஒரு குத்துச்சண்டைக்காரர், மல்லர்கள், துப்பாக்கிக் கத்தியால் பலரைக் குத்திக் கொன்ற சிப்பாய் ஒருவர். இந்தக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய், கத்தியை நன்றாகப் பிடியுங்கள் என்கிற தொனியில் ஒரு குரு பேசினார். நான் சமணன். இந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இரண்டு வாரம் தொடவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், நாமும் இந்த இடத்தில் அவ்வளவு சுத்தம் இல்லை. சிரவணபெளகொளாவில் கோமட்டேசுவரரை எடுப்பித்த சாமுண்டராயர் கங்கரின் படைத்தலைவர்தான். இல்லறத்தானுக்கு விலக்க முடியாத இம்சைகளில் எதிர்த்து வருபவனைத் தடுப்பதையும் நம் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே படைச்செருக்குக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆகவே போருக்குப் போனதற்காக மட்டும் இவரைத் தள்ள எனக்கு உரிமையில்லை. துறவு மொழி பேச வேண்டிய வாயால் கத்திக்கு வக்காலத்து வாங்கியதுதான் குற்றம்.

இனி கவிதைக்கு வருவோம். 1918இல் 'ரஃப் ரைம்ஸ் ஆஃப் எ பாட்ரே' வந்தது. பல பாடல்கள் சிப்பாய்கள் பேசும் கொச்சையிலேயே இருக்கின்றன. எழுத்தை விழுங்கி, சொல்லை முறித்து எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பேச்சை அப்படியே அச்சில் போட்டால் பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள் அல்லவா, அங்கேயும் அதே கதைதான். எனக்கு அந்தக் கொச்சைப் பாடல்கள்தான் உயிருள்ளவையாகப் படுகின்றன. செம்மையான ஆங்கிலத்தில் எழுதியவற்றில் பல, சந்தத்துக்காகச் சொல்லை நிரப்பியவை. 'வேஸ்ட்' என்ற சிறு பாடல் விதிவிலக்கு. வீண் என்ற ஒரே சொல்லை வரிக்கு வரி முன்னால் வைத்து, எதெல்லாம் வீணாகிறது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் போர் என்று நிறுத்துகிறார். பெரிய கவிஞர்கள் எழுதிய போர்க் கவிதை எத்தனையோ இருக்கலாம், ஒரு பற்றுச்சீட்டு மாதிரி எழுதிய கவிதை இது ஒன்றுதான் நான் பார்த்தது.

அதே 1918இல் எழுதிய 'தி ஹார்டஸ்ட் பார்ட்' என்ற உரைநடை நூலில் அவருடைய சமயச் சிக்கல் தெரிகிறது. எல்லாம் வல்ல கடவுள் மேலே சிம்மாசனத்தில் சுகமாக இருந்துகொண்டு இந்தப் படுகொலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அடிபடுகிறவனோடு கடவுளும் அடிபடுகிறார் என்கிறார். நமக்கோ உலகைப் படைத்த கடவுள் என்ற கேள்வியே இல்லை. அருகன் துன்பத்தைக் கடந்தவன், அவன் வந்து நம்மோடு அழமாட்டான். இந்த வேறுபாட்டை மழுப்ப வேண்டியதில்லை. தம் நம்பிக்கைக்கு உள்ளேயே நின்று, தமக்குச் சொல்லித்தந்த பதில் போதாது என்று அச்சில் சொன்ன துணிச்சலை மதிக்கிறேன்.

போர் முடிந்த பின் அவர் போரை நியாயப்படுத்துவதை விட்டார். மேடையிலும் எழுத்திலும் அதை எதிர்த்தார். 1922இல் லண்டன் லம்பார்டு தெருவில் ஒரு சிறு கோயிலின் பொறுப்பு கொடுத்தார்கள். ஆனால் பெரும்பாலான நாள், தொழிலாளருக்கான கிறிஸ்தவ அமைப்பு ஒன்றின் சார்பில் ஊர் ஊராகப் பேசுவதிலேயே கழிந்தது. அப்படிப் பேசப் போன லிவர்பூலில் 1929 மார்ச் 8ஆம் தேதி காலமானார். வயது 45. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கேட்டபோது, அவர் சோஷலிஸ்ட் என்று சொல்லி அங்கிருந்த தலைமைக் குரு மறுத்ததாக எழுதுகிறார்கள். உர்ஸ்டரில் இறுதி ஊர்வலம் போன தெருவெல்லாம் கூட்டம். சவ வண்டியின் மேல் ஜனங்கள் உட்பைன் பாக்கெட்டுகளை வீசினார்கள்.

அந்தப் பட்டப்பெயரைப் பற்றி அவரே ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். தொகுப்பில் எனக்கு மிக முக்கியமானது அதுதான். உலகம் புகழாக எடுத்துக்கொண்ட பெயரை அவர் தீராத கடனாக எழுதுகிறார். கடவுளின் சமாதானத்தைத் தர வேண்டியவர்களுக்கு ஒரு சிகரெட்டைக் கொடுத்துச் சமாளித்தேன் என்பது அதன் சாரம். வியாபாரிக்கு இது சட்டென்று புரியும். வரவில் எழுதியதை அடித்து, பற்றில் திருத்தி எழுதுகிறார். நாம் பிரதிக்கிரமணம் என்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

என் பேரேட்டிலும் ஒரு வரி உண்டு. கடை திறந்த நாளிலிருந்து புகையிலைச் சரக்கு வைப்பதில்லை என்பது என் விரதம். 1999இல் கார்கில் சண்டை நேரம். கன்டோன்மென்டிலிருந்து வழக்கமாக அப்பளமும் புளியும் வாங்க வரும் ஒரு தமிழ்ச் சிப்பாய், இரவு கடை சாத்தும் நேரத்தில் ஓடிவந்தார்.

"அண்ணே, காலையில வண்டி. பக்கத்துக் கடையெல்லாம் சாத்திட்டான். ஒரு பாக்கெட் சிகரெட் எங்கயாச்சும் வாங்கிக் குடுங்களேன்."

"அது நம்ம கடையில பழக்கமில்லையே தம்பி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு தெரு தள்ளிப் பான் கடை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நவம்பரில் திரும்பி வந்தார். அப்பளம் வாங்கினார். சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு, வரேன் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார்.