தோழி சொன்னால் புரிகிறது

வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்கக் கூசுகிற பிள்ளை, வராந்தாவில் தோழியிடம் அதையே நாலு தடவை கேட்கும். கம்பைன் ஸ்டடி ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் கல்லூரி மாணவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். தருவைகுளம் போன்ற கடற்கரை ஊர்களில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துத் தூத்துக்குடிக் கல்லூரிகளில் சேர்கிறவர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. ஆங்கிலப் பாடநூலைத் தமிழில் உடைத்துச் சொல்ல ஆள் வேண்டும். போன வருஷம் அதே இடத்தில் திணறிய சீனியருக்கு, எங்கே இடறும் என்பது இன்னும் மறந்திருக்காது. இந்தப் பலத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனால் சொல்லிக்கொடுப்பவரைச் சரிபார்ப்பது யார்? சல்பூரிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 98. நார்மாலிட்டி கணக்கில் போட வேண்டிய சமான எடை 49. நடத்துகிறவர் 98 என்றே போட்டால் விடை பாதியாகிவிடும். சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதே தவற்றோடு தேர்வறைக்குள் போவார்கள். தேர்வு நெருங்கினால் கணக்கும் போய், வரக்கூடிய கேள்விகளைப் பங்குபோடுவதே படிப்பாகிவிடும். அதில் அரியர் வேண்டுமானால் குறையலாம், பாடம் ஏறாது.

மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளைதான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அதை 1797இல் லண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்று பரவியதற்கு ஒரு காரணம் செலவுக் குறைவு. கூடவே மனப்பாடமும் பரவியது. ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் மாணவர் குழுவை நம்பச் சொன்னால் அதே பள்ளத்தில்தான் விழுவோம்.

1973இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் கன்சாஸ் நகர வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய முறை இதைவிடத் தெளிவானது. ஒரு பாடத்தில் ஏற்கெனவே நன்றாகத் தேறிய மாணவரே அதற்கான அமர்வை நடத்துவார். அவருக்குப் பயிற்சி உண்டு. அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்து கேட்பார். அமர்வில் விடையைச் சொல்லிவிடாமல், வந்தவர்களைப் பேசவைப்பார். மக்கு மாணவர் என்று யாரையும் பிரிப்பதில்லை; கடினமான பாடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை எடுத்த எல்லோரையும் அழைக்கிறார்கள்.

இங்கே செய்வதானால் நேரத்தை முதலில் யோசிக்க வேண்டும். கல்லூரி விட்டபின் மாலையில் வைத்தால் விடுதி மாணவர் வருவார். பேருந்து பிடித்து இருட்டுமுன் வீடு சேர வேண்டிய தருவைகுளத்துப் பெண் வரமாட்டாள். விடுமுறையில் வைத்தால் வலை வேலைக்குப் போகிற பையன் வரமாட்டான். அவர்களுக்காகக் கல்லூரி நேரத்துக்குள்ளேயே ஒரு பீரியட் ஒதுக்கி, நடத்தும் மாணவருக்கு ஊக்கத்தொகை கொடுத்து, போட்ட கணக்குகளை வாரம் ஒருமுறை துறை ஆசிரியர் பார்க்க வேண்டும்.