ராஜாஜியின் எழுத்து: ஒரு மதிப்பீடு

ராஜாஜி (சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் பின்னர் முதலமைச்சராகவும் இருந்தவர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், தமிழ் எழுத்தாளர். சிறுகதை, அறிவியல் விளக்கம், இதிகாச மறுகூறல், தத்துவ விளக்கம் ஆகிய துறைகளில் எழுதினார். 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்காக 1958-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய அரசியலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எழுத்து பெரும்பாலும் அந்த அரசியலின் நிழலிலேயே வைத்துப் பேசப்பட்டது. இக்கட்டுரை அவரது வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி, எழுத்தைத் தனியே எடுத்து மதிப்பிடுகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

ராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னையிலும் படித்து, 1900-ல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1919-ல் சென்னைக்குக் குடிபெயர்ந்து, காந்தியின் நெருங்கிய தோழர்களில் ஒருவரானார். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையை நடத்திச் சென்றார்.

1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமர், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல், 1952 முதல் 1954 வரை சென்னை மாநில முதலமைச்சர் என்று பதவிகள் வந்தன. 1954-ல் பாரத ரத்னா விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

எழுத்தின் காலங்கள்

ராஜாஜியின் நூல்களை அவர் வாழ்க்கையின் ஆண்டுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பதவியும் கட்சி வேலையும் கையை விட்டுப் போன இடைவெளிகளில்தான் அவருடைய முக்கியமான எழுத்து பிறந்தது.

1921 டிசம்பரில் சிறை சென்று வேலூரில் மூன்று மாதம் இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். காங்கிரசின் முன்னணி அரசியலிலிருந்து விலகி ஆசிரமத்தில் வாழ்ந்தபோது சிறுகதைகள் எழுதினார். அங்கிருந்தே மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். அந்த இதழில் அவருக்குத் துணை நின்றவர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்கிற கல்கி. 1942-ல் கருத்து வேறுபாட்டால் காங்கிரசை விட்டு விலகி நின்ற காலத்தை ஒட்டி 'வியாசர் விருந்து' வந்தது. 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியை விட்டார். மே மாதமே கல்கி இதழில் 'சக்கரவர்த்தித் திருமகன்' தொடராகத் தொடங்கியது. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த ஆண்டு டிசம்பரில் கல்கி காலமானார். தொடர் 1955 வரை நீடித்தது.

ஆகவே ராஜாஜியை 'அரசியலை விட்டு எழுத்துக்கு வந்தவர்' என்று ஒரே வரியில் சொல்ல இயலாது. அவர் பலமுறை அரசியலை விட்டு எழுத்துக்கு வந்தார். பலமுறை எழுத்தை ஒதுக்கி அரசியலுக்குத் திரும்பினார். 1959-ல் எண்பது வயதைக் கடந்த பிறகும் புதுக் கட்சி தொடங்கினார். ஆனால் ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் மக்களுக்கு எடுத்துச் சொன்னதையே தாம் செய்த பணிகளில் மேலானதாக அவர் கருதினார். இந்தக் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்பதே அவரது எழுத்தைப் படிப்பவர் முன் நிற்கும் கேள்வி.

சிறுகதைகள்

ராஜாஜியின் சிறுகதைகள் சேலம், நாமக்கல் சமவெளியின் மனிதர்களைக் கொண்டவை. வண்டிக்காரர், நெசவாளர், சிறு விவசாயி, கள்ளுக்கடைக்குப் போகிறவர், வட்டிக்குக் கடன் கொடுப்பவர், தீண்டாமைக்கு ஆளானவர் ஆகியோர் வருகிறார்கள். ஆசிரம வாழ்க்கையில் அவர் நேரில் பார்த்த உலகம் இது. கதர் வேலை, வறட்சிக்கால உதவி, மருத்துவ உதவி என்று கிராமங்களோடு ஆசிரமத்துக்கு நாள்தோறும் தொடர்பு இருந்தது.

இவற்றில் நன்கு அறியப்பட்டது 'திக்கற்ற பார்வதி'. உழைத்துப் பிழைக்கும் ஒருவன் குடிக்குப் பழகுகிறான். கடன் சேர்கிறது. அவன் மனைவி பார்வதி ஆதரவற்றவளாகிறாள். இக்கதை 1974-ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் திரைப்படமாகித் தேசிய விருது பெற்றது.

இக்கதைகளின் பலம் விவரங்களில் இருக்கிறது. கடன் எப்படி ஏறுகிறது, கடைக்குப் போகும் வழியில் ஒருவன் தனக்குத்தானே என்ன சமாதானம் சொல்லிக்கொள்கிறான், வீட்டில் ஒவ்வொரு பொருளாக எப்படி அடகுக்குப் போகிறது என்பவற்றை வழக்கு நடத்திப் பழகியவரின் கண் கூர்ந்து பார்த்திருக்கிறது. வாக்கியங்கள் சிறியவை. வருணனை குறைவு.

பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. வழக்கறிஞருக்குச் சாட்சி தேவை. ராஜாஜியின் பாத்திரங்கள் பலர் ஆசிரியர் தரப்புக்குச் சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்டவர்கள். சாட்சியம் முடிந்ததும் அவர்களுக்குக் கதையில் வேலை இல்லை. குடிக்கிறவன் குடிப்பதற்கு மட்டுமே இருக்கிறான். அவனுக்கு வேறு ஆசை, வேறு கோபம், வேறு நகைச்சுவை இருப்பதில்லை. அதே 1930-களில் மணிக்கொடி எழுத்தாளர்கள் தீர்ப்புச் சொல்லாத கதைகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் ராஜாஜியின் கதைகள் பழைய நீதிக்கதை மரபில் நிற்கின்றன.

ஆனால் இந்தக் கதைகள் வெறும் உபதேசத்தோடு நின்றுவிடவில்லை. ஆட்சிக்கு வந்ததும் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். ஆத்தூர், தம்மம்பட்டி முதல் தருமபுரி, ஓசூர் வரை விரிந்திருந்த பழைய மாவட்டம் அது. இழந்த கலால் வருவாயை ஈடுசெய்ய 1939-ல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. தான் கதையில் கேட்ட கேள்விக்கு அரசாணையில் பதில் எழுதும் வாய்ப்பு பெற்ற எழுத்தாளர் தமிழில் மிக அரிது. எழுத்தில் இருந்த எளிமைப்படுத்தல் ஆட்சியிலும் தொடர்ந்ததா என்று வாசகர் கேட்பதற்கும் இதுவே இடம் தருகிறது.

அறிவியல் தமிழ்

ராஜாஜியின் பணிகளில் குறைவாக நினைக்கப்படுவது இது. 1916-ல் சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோதே, வெங்கடசுப்பையர் என்பவரோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் ஏற்படுத்தி இதழும் நடத்தினார். கல்லூரி வகுப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே நடந்த காலம் அது. தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா என்ற ஐயத்துக்கு விடையாகத் 'தமிழில் முடியுமா?' என்ற நூலை எழுதினார். வேதியியலுக்குத் 'திண்ணை ரசாயனம்', தாவரங்களின் இனப்பெருக்கத்துக்குத் 'தாவரங்களின் இல்லறம்' என்று அவர் வைத்த பெயர்களே அவரது முறையைச் சொல்லிவிடும். ஆய்வுக்கூடத்திலிருந்து பாடத்தை எடுத்துத் திண்ணைக்குக் கொண்டுவருகிறார்.

தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்குப் போவது நல்ல ஆசிரியரின் வழி. ராஜாஜியின் அறிவியல் நூல்களில் அந்த வழி பிசகுவதில்லை. இன்று சில கலைச்சொற்கள் வழக்கொழிந்துவிட்டன. வடசொற்கள் மிகுதியாக உள்ளன. எனினும் ஒரு கருத்தை விளக்கும் ஒழுங்கைப் பார்க்க இந்நூல்கள் இன்றும் மாணவர்களுக்கு உதவும். இங்கே வாதாடவேண்டிய கட்சி எதுவும் இல்லை. அதனால் நடையும் இறுக்கம் இல்லாமல் இருக்கிறது.

இதே ராஜாஜிதான் 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். பின்னாளில் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பதை அவரே எதிர்த்தார். தமிழுக்கு அவர் செய்த முன்னோடிப் பணி இந்த ஆரவாரத்தில் மறக்கப்பட்டது.

வியாசர் விருந்தும் சக்கரவர்த்தித் திருமகனும்

ராஜாஜிக்கு நிலைத்த வாசகர்களைப் பெற்றுத் தந்தவை இந்த இரு நூல்கள். இவற்றின் ஆங்கில வடிவங்கள் பாரதிய வித்யா பவன் வெளியீடுகளாக இந்தியா முழுவதும் பரவின.

'வியாசர் விருந்து' இரண்டாம் உலகப் போரின் காலத்தை ஒட்டி எழுதப்பட்டது. அபிமன்யுவின் சாவு, துரோணரின் சாவு போன்ற இடங்களில், போர் மூண்டுவிட்டால் இரு தரப்பிலும் நெறி உடைந்துபோகும் என்பதை ராஜாஜி மறைக்காமல் காட்டுகிறார். பாண்டவர் பக்கம் நிற்பதாலேயே அவர்களது பிழைக்குச் சப்பைக்கட்டு கட்டுவதில்லை. சிறுகதைகளில் காணாத நடுநிலை இங்கே வாய்த்திருக்கிறது. கதை அவருடையது அல்ல என்பதால் தீர்ப்பையும் தம் வசதிக்கு வளைக்க முடியவில்லை போலும்.

'சக்கரவர்த்தித் திருமகன்' வந்த சூழல் வேறு. தமிழகத்தில் ராமாயணம் அப்போது ஒரு போர்க்களமாக இருந்தது. பெரியார் ராமாயணப் பாத்திரங்களைக் கடுமையாக விமர்சித்து வந்தார். 1943-ல் கம்பராமாயணத்தைப் பற்றி அண்ணாவுக்கும் நாவலர் சோமசுந்தர பாரதியாருக்கும் இடையே நடந்த புகழ்பெற்ற சொற்போர் சேலத்தில்தான் நிகழ்ந்தது. எம். ஆர். ராதாவின் ராமாயண நாடகம் மேடையேறிப் பெரும் சர்ச்சையானது. இந்தச் சூழலில், பதவியிழந்த ஒரு முதலமைச்சர் ராமாயணம் எழுதத் தொடங்கியதை எதிர்த்தரப்பு அரசியல் செயலாகவே பார்த்தது. அதில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது.

நூலைப் படித்தால் அந்தச் சண்டையின் சூடு குறைவாகவே தெரிகிறது. ராஜாஜி வான்மீகியைப் பின்பற்றிக் கதை சொல்கிறார். கம்பர் எங்கே மாறுகிறார், ஏன் மாறுகிறார் என்று அங்கங்கே நின்று விளக்குகிறார். துளசிதாசரையும் தொட்டுக்கொள்கிறார். அகலிகை கதையில் வான்மீகிக்கும் கம்பருக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி மாணவருக்கும் புரியும்படி சொல்லியிருப்பது நல்ல எடுத்துக்காட்டு. பல நூலை ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கத்தை வார இதழ் வாசகருக்கு அவர் ஏற்படுத்தினார்.

நூலின் உயரமான இடம் அதன் முடிவு. பட்டாபிஷேகத்தோடு ராஜாஜி கதையை நிறுத்திவிடுகிறார். சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை அவர் மனம் ஏற்கவில்லை. அதே சமயம், அப்படி ஒரு கதை மக்களிடையே வழங்கி வந்ததையும், பெண்களின் முடிவில்லாத துயரம் அதில் படிந்திருப்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் இந்த ஒரு வழக்கில் வாதாட மறுக்கிறார்.

இந்த இடத்தைப் புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையோடு வைத்துப் பார்க்கலாம். 1943-ல் வந்த அக்கதையில், சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டு அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். இருவரையும் உறுத்தியது ஒரே முள். புதுமைப்பித்தன் அதைப் பிடுங்கிக் காட்டினார். ராஜாஜி அது குத்துவதைச் சொல்லிவிட்டு அந்த வழியே போகாமல் திரும்பினார். மரபைக் காக்க வந்தவர் மரபின் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டார் என்பதே அவருக்கும் கேள்விகள் இருந்தன என்பதற்குச் சான்று.

விவாதங்கள்

ராஜாஜியை எழுத்தாளராக மட்டும் பார்க்க முடியாதபடி செய்தது 1953-ன் தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்பது திட்டம். எதிர்ப்பாளர்கள் இதைக் 'குலக்கல்வி' என்று அழைத்தார்கள். அப்பெயரே நிலைத்தது. எதிர்ப்பு வலுத்ததில் ராஜாஜி பதவி விலக நேர்ந்தது. அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இதற்கும் அவர் எழுத்துக்கும் தொடர்பு உண்டு. அவர் கதைகளில் உழைப்பாளி மரியாதையோடு நடத்தப்படுகிறான். அவன் தொழில் இழிவானது என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஆனால் பெரும்பாலும் அவன் தன் இடத்தை விட்டு நகர்வதும் இல்லை. குடியை விட்டால், கடனை அடைத்தால், நல்லவர் ஒருவர் இரங்கினால் அவன் வாழ்வு சீராகும். அவன் மகன் வேறொருவனாக ஆகலாம் என்ற நினைப்பு அக்கதைகளில் அரிது. தம்மம்பட்டி மரச்சிற்பக் கலை இன்று புவிசார் குறியீடு பெற்றுப் பெருமையோடு பேசப்படுகிறது. அது பட்டறையில் மூத்தவரிடமிருந்து இளையவர் கற்றுக்கொண்ட கலை. அந்த அருமையை ராஜாஜி உணர்ந்திருப்பார். ஆனால் பட்டறைக்குப் போவதா வேண்டாமா என்பதைச் சிற்பியின் பிள்ளை முழுப் படிப்பும் படித்த பிறகு தானே முடிவு செய்யவேண்டும் என்று கேட்டவர்களின் பக்கம் அவர் நிற்கவில்லை. எழுத்திலும் ஆட்சியிலும் அவரது பார்வை ஒன்றாகவே இருந்தது. கதையில் அது வெறும் குறையாக நின்றது. சட்டத்தில் குழந்தைகளின் எதிர்காலத்தைத் தொட்டது.

சாகித்திய அகாதெமி விருதும் கேள்விக்குள்ளானது. மறுகூறல் நூலுக்குப் படைப்புக்கான விருது தரலாமா, விருது எழுத்துக்கா எழுதியவரின் பெருமைக்கா என்று கேட்கலாம். படைப்பின் புதுமையை அளவுகோலாகக் கொண்டால் இந்நூல் முன்னிடம் பெறாது. உரைநடையின் தெளிவையும் சென்று சேர்ந்த தொலைவையும் அளவுகோலாகக் கொண்டால் அதன் தகுதியை மறுப்பது கடினம்.

இலக்கிய இடம்

ராஜாஜி சிறந்த சிறுகதையாசிரியர்களின் வரிசையில் வருபவர் அல்லர். தமிழ் உரைநடையைப் பொதுமக்களின் கைக்கு எட்டும் கருவியாக்கியவர்களில் அவருக்கு உறுதியான இடம் உண்டு. எளிமை, சுருக்கம், ஒழுங்கு என்ற மூன்றும் அவர் நடையின் குணங்கள். வாதத்தில் வெல்ல எழுதியபோது அவர் எழுத்து சுருங்கியது. விளக்குவதற்காக எழுதியபோது விரிந்தது. தம்மால் விளக்க முடியாத இடத்தில் நின்றபோது மட்டுமே இலக்கியத்தைத் தொட்டது.

மாணவர்கள் அவரைப் படிக்க 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். 'திண்ணை ரசாயனம்' நூலிலிருந்து தொடங்கி, சிறுகதைகள் வழியாக இதிகாசங்களுக்கு வந்தால், ஆசிரியர், வழக்கறிஞர், பக்தர் என்ற மூவரையும் தனித்தனியே அடையாளம் காணலாம். அவரது அரசியலை ஏற்பவர் எழுத்தில் உள்ள குறைகளையும், மறுப்பவர் அதில் உள்ள நிறைகளையும் காண அது வழி செய்யும்.

முக்கிய நூல்கள்

- ராஜாஜி கதைகள் (சிறுகதைகள்)
- வியாசர் விருந்து (மகாபாரதம்)
- சக்கரவர்த்தித் திருமகன் (ராமாயணம்)
- கண்ணன் காட்டிய வழி (கீதை விளக்கம்)
- உபநிஷதப் பலகணி (தத்துவம்)
- தமிழில் முடியுமா? (அறிவியல்)
- திண்ணை ரசாயனம் (அறிவியல்)
- தாவரங்களின் இல்லறம் (அறிவியல்)