வீட்டுக் கொட்டகையில் ஒரு விமானம்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையில் ஏறிச் செல்லும் சாலை வழியே காவலூர் வானாய்வு நிலையத்துக்குப் போகிறவர்களில் பலர், அங்கே நிறுவப்பட்டிருக்கும் தொலைநோக்கிகளுள் முக்கியமான மூன்றும் மூன்று வேறு வழிகளில் நம்மிடம் வந்து சேர்ந்தவை என்பதைக் கவனிப்பதில்லை. 1968-ல் முதன்முதலாக அங்கே வைக்கப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கோடைக்கானல் நிலையத்தின் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972-ல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தாரிடம் விலைக்கு வாங்கப்பட்டது. 1986-ல் திறக்கப்பட்டு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியோ, பெங்களூரில் கண்ணாடி தேய்த்து மெருகிடப்பட்டு, நம் தேசத்துப் பொறியாளர்களின் பிரயத்தனத்தால் உருவானது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்கள் வெளிப்பட்ட சமயத்தில் காவலூரில் அவற்றின் தடயத்தைப் பதிவு செய்தது விலைக்கு வாங்கிய கருவிதான். ஆனால் பெரிய தொலைநோக்கியைச் செய்யத் துணிந்த மனிதர்களை நமக்குத் தந்தது, சிறிய தொலைநோக்கியைக் கையால் செய்த பட்டறைப் பழக்கம். ஆகவே, ஒரு யந்திரத்தை வாங்குவதா, ஆதியிலிருந்து செய்வதா, பிறர் செய்த உறுப்புகளைத் தருவித்து நாமே பூட்டிக்கொள்வதா என்ற கேள்விக்கு விடை சொல்லப் புகுகிறவர், அந்த யந்திரம் என்ன வேலை செய்கிறது என்பதையும், அதைச் செய்தவர் எத்தகைய மனிதராக ஆகிறார் என்பதையும் தனித்தனியே எடை போட வேண்டியவராகிறார்.

வீட்டிலேயே விமானம் கட்டும் வழக்கத்தை நான் இந்த இரண்டு தராசுகளிலும் நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். இது அமெரிக்கர்களின் விநோதப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள், சென்னையின் சரித்திரத்தை அறியாதவர்கள். 1909-ல் பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி பரவிய சில மாதங்களுக்குள், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்னும் கார்சிகத் தீவுக்காரர், தாம் உத்தேசித்த விமானம் ஒன்றைக் குதிரை வண்டிகள் கட்டிப் புகழ்பெற்ற சிம்ப்சன் கம்பெனிப் பட்டறையில் செய்வித்து, பல்லாவரத்தில் பரீட்சை பார்த்து, 1910 மார்ச்சு மாதத்தில் பறந்து காட்டினார். மரச்சட்டத்தை வளைக்கவும் துணியை இழுத்துக் கட்டவும் தெரிந்த வண்டித் தச்சர்களின் கைத்திறனே அன்றைய விமானத்துக்குப் பெரிதும் போதுமாக இருந்தது. விமானம் கனமாகவும் வேகமாகவும் ஆன பிற்பாடுதான், அது பெரும் தொழிற்சாலைகளுக்கே உரிய பண்டம் என்ற அபிப்பிராயம் நிலைபெற்றது.

அந்த அபிப்பிராயத்தை மாற்றியவர்களுள் இருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். 1953-ல் பால் பொபரெஸ்னி என்பவர் அமெரிக்காவில் வீட்டு விமானக்காரர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். எழுபதுகளில் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்ற பொறியாளர், அலுமினியத் தகடுகளை வெட்டி வளைத்துத் துளையிட்டுப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் வியாபாரத்தை ஆரம்பித்தார். அவருடைய பெட்டிகளிலிருந்தும் வரைபடங்களிலிருந்தும் பிறந்து பறந்தவை இன்று பதினோராயிரத்துக்கும் அதிகம். வரைபடத்தை மட்டும் வாங்கி, மரமும் தகடும் தாமே தேடிச் செய்கிறவர்களும் உண்டு. பாதி வேலை முடிந்த உடலையும் இறக்கையையும் கூடுதல் பணம் கொடுத்துத் தருவித்துக்கொள்கிறவர்களும் உண்டு. முன்னவருக்குக் காலம் செலவு, பின்னவருக்குப் பணம் செலவு. இடையில் நிற்பதுதான் சாதாரணப் பெட்டி.

எந்தப் பொருளால் கட்டுவது என்ற கேள்வியை நம் சீதோஷ்ணம் பாதிக்கு மேல் தீர்த்துவிடுகிறது. கண்ணாடி நாரும் எபாக்ஸிப் பசையும் கொண்டு செய்யும் முறை, தகரவேலை தெரியாதவர்களுக்கு எளிது. பர்ட் ரூட்டான் வரைந்த லாங்-ஈஸி விமானம் அந்த முறையில் உலகப் பிரசித்தி பெற்றது. ஆனால் கலந்த பசை கெட்டிப்படுவதற்குள் கிடைக்கும் அவகாசம், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். சித்திரை மாதத்து வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிண்ணத்தில் பசை கலந்தவருக்கு, நாரில் அது முழுவதும் ஊறுவதற்கு முன்பே கிண்ணம் சூடேறுவது கையில் தெரியும். ஐப்பசி மழையிலோ, காற்றின் ஈரம் பசையின் மேற்பரப்பைக் கெடுக்கும். குளிரூட்டிய அறை இல்லாமல் ஆலங்காயத்தில் இந்த வேலையைத் தொடங்குகிறவர், விடியற்காலையை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தும் பழைய முறை இங்கே பொருத்தமானது என்பது என் கருத்து. குழாய்களைப் பற்றவைப்பதற்குத் தேர்ந்த கை தேவை என்பது மெய்தான். ஆயினும் இறக்கையின் விலாச்சட்டங்களோடு துணியை மெழுகு நூலால் ஒரே சீரான இடைவெளியில் தைத்து முடிச்சிடும் வேலைக்கு, பக்கத்திலேயே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் தைத்துப் பழகிய விரல்கள் ஏராளமாக உள்ளன. அலுமினியமோ வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாது. அதனாலேயே அதிகம் பேர் அதை நாடுகிறார்கள்.

அலுமினிய வேலையின் உயிர்நாடி ரிவெட். எண்ணற்ற உபகரணங்களை அடுக்கிக் காட்டி வாசகரை மலைக்க வைப்பதைவிட, இந்த ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்ப்பது பயன் தரும். இரண்டு தகடுகளின் துளைகளும் நேராக நிற்கும்படி, கிளிகோ எனப்படும் சிறு விற்பிடிகளைச் செருகி முதலில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். துளையின் விளிம்பிலுள்ள பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பிற்காலத்தில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு ஒருவர் காற்றழுத்தச் சுத்தியை ரிவெட்டின் தலையில் வைத்து அழுத்த, மற்றொருவர் தகட்டின் மறுபுறம் கனத்த இரும்புக் கட்டியை ஏந்திப் பிடிக்க, அந்த இரண்டுக்கும் நடுவில் ரிவெட்டின் வால் நசுங்கித் தட்டையாகிறது. எட்டில் ஒரு அங்குல ரிவெட்டானால், நசுங்கிய வாலின் விட்டம் அதன் தண்டைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 4.8 மில்லிமீட்டர், உயரம் 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவு பெரிதும் தப்பிவிட்டால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்; துளைத்தெடுக்கும்போது துளை அகன்றுவிட்டால், பெரிய ரிவெட்டைத் தேட வேண்டும். ஒரு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. சுத்தி பிடிப்பவருக்கு மறுபுறத்து வால் கண்ணில் படாது. கட்டி பிடிப்பவரே பார்த்து, சரி என்றோ தவறு என்றோ சொல்ல வேண்டும். தன் வேலையின் தரத்தை இன்னொருவர் வாயால் கேட்டறியும் இந்த நிர்ப்பந்தம், இந்தத் தொழில் கற்றுத் தரும் முதல் பாடம்.

அமெரிக்கச் சட்டம் இந்த வழக்கத்துக்கு இடம் கொடுப்பதன் அடிப்படையும் கவனிக்கத்தக்கது. விமானத்தின் பெரும்பகுதியை, தம்முடைய கல்விக்காகவோ உல்லாசத்துக்காகவோ மட்டுமே ஒருவர் தாமே செய்திருந்தால், தொழிற்சாலை விமானத்துக்கு விதிக்கும் கடுஞ்சோதனைகளிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. ஐம்பத்தொரு சதவிகித விதி என்று பேச்சு வழக்கில் சொல்வது இதைத்தான். கல்வியே முகாந்திரம். பாதி முடித்த பெட்டிகளையும், கூலிக்குக் கட்டித் தருகிறவர்களையும் நாடி, கற்க வேண்டிய பகுதியைப் பணத்தால் தாண்டிச் செல்கிறவர், விலக்கின் பயனை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் நியாயத்தை விட்டுவிடுகிறார் என்பது என் முடிவு. கட்டியவரிடமிருந்து பழைய விமானத்தை விலைக்கு வாங்குகிறவரின் நிலையும் இதுவே: அதன் உள்ளே எந்த வயர் எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

குறைகளை மென்று விழுங்குவதில் பயனில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டுப் பொது விமானங்களில் ஏறக்குறைய பத்து சதவிகிதமே வீட்டில் கட்டியவை. ஆனால் 2011-ல் நேர்ந்த விபத்துகளில் சுமார் பதினைந்து சதவிகிதமும், உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகளில் இருபத்தொரு சதவிகிதமும் அவற்றுக்குரியவை. என்ஜின் கோளாறும், ஆகாயத்தில் கட்டுப்பாடு இழத்தலும் முன்னணியில் நிற்கும் காரணங்கள். பெட்டி அனுப்புகிறவர்களும் பிழைக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். வான்குருன்ஸ்வெனின் கம்பெனி, துளைகளை அச்சால் குத்துவதை விட்டு லேசர் கதிரால் வெட்டிய ஒரு காலத்தில், ரிவெட் தலை அமர்வதற்காகத் துளையைக் குழிக்கும்போது விளிம்பில் நுண்ணிய விரிசல்கள் தோன்றின; தங்கள் கொட்டகைகளில் அவற்றைக் கண்ணுற்ற வீட்டு விமானக்காரர்கள் முறையிட்டனர்; ஏராளமான தகடுகளை மாற்றிக் கொடுக்க நேர்ந்து, வேறு நஷ்டங்களும் சேர, 2023 டிசம்பரில் கம்பெனி திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடி, மறு ஆண்டு அதிலிருந்து மீண்டது. இச்சம்பவத்தில் பெட்டி முறையின் பலவீனமும் பலமும் ஒருங்கே தெரிகின்றன. ஒரே தவறு உலகெங்கும் உள்ள கொட்டகைகளுக்குப் போய்ச் சேர்ந்தது; ஆயினும், ஒவ்வொரு துளையையும் விரல் வைத்துப் பார்க்கிற மனிதர்கள் அக்கொட்டகைகளில் இருந்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பணத்தின் பெரும் பங்கை என்ஜினே விழுங்கும். நூறு குதிரைச் சக்தி கொண்ட ரோடாக்ஸ் என்ஜின் ஆஸ்திரியாவிலிருந்து வர வேண்டும். சுங்கமும் கப்பல் கூலியும் அதன்மேல் ஏறும். ஆகையால் கார் என்ஜினைப் பூட்டலாமா, போல்ட்டை ஊர்க் கடையிலேயே வாங்கலாமா என்ற சபலம் வலுவாகத் தோன்றும். லாரியையும் டிராக்டரையும் எந்தச் சூழ்நிலையிலும் ஓட வைத்துவிடும் நம் மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் அந்தச் சாமர்த்தியம், பழுதானால் ஓரமாக நிறுத்தலாம் என்ற நிலத்து வசதியில் வளர்ந்தது. விமான போல்ட்டும் கடை போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எந்த உலோகம், எந்தப் பதம், எந்தச் சோதனையில் தேறியது என்று சொல்லும் காகிதம் ஒன்றுக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. விலையின் பெரும் பகுதி அந்தக் காகிதத்துக்குத்தான். அது கொடுக்கத் தகுந்த விலை.

மும்பையில் விமானி அமோல் யாதவ், காந்திவலியில் தம் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரத்தக்க விமானத்தைத் தம் சொந்தத் திட்டப்படியே கட்டி, 2016-ல் ‘மேக் இன் இந்தியா’ வாரத்தில் காட்சிக்கு வைத்தார். அரசாங்கப் பதிவு அவருக்கு 2017 நவம்பரில்தான் கிடைத்தது. அவருடைய உறுதி வணங்கத்தக்கது. ஆனால் அவரை வீரராகக் கொண்டாடிய பத்திரிகைகள் எல்லாம், அவருக்கு அருகில் நின்று வேலையைக் கட்டம் கட்டமாகப் பரிசோதிக்க ஓர் ஏற்பாடு இந்நாட்டில் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். ஆலப்புழையில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பொறியாளர் ஒருவர், தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் பெட்டியை வாங்கி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் நால்வர் அமரும் விமானத்தை முடித்து, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவில் பறந்தார். செலவு சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டு. அவரும் நம்மவர்தான், கையும் மூளையும் நம்முடையவைதான். ஆனால் இங்கிலாந்தில் இலகு விமானச் சங்கத்தின் பரிசோதகர் வந்து பார்த்து ஒப்பமிடும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இரண்டு சரித்திரங்களுக்கும் உள்ள பேதத்தை, பணத்தைக் காட்டிலும் இந்த ஒப்பத்தில்தான் நான் அதிகம் காண்கிறேன்.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமலில்லை. எண்பதுகளில் பெங்களூர்த் தேசிய விமான ஆய்வகத்தார், வீட்டு விமானக்காரர்களுக்காக வரையப்பட்ட அந்த லாங்-ஈஸியையே ஆதாரமாகக் கொண்டு ஓர் இலகு விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். 1993-ல் முதன்முதல் பறந்த ஹன்ஸா பயிற்சி விமானம், முழுவதும் நார்க்கலவையால் ஆனது. ஒரு தேசிய ஸ்தாபனம் தன் கௌரவத்தைப் பெரிதாக எண்ணாமல், பொழுதுபோக்கு விமானத்திலிருந்து பாடம் கற்க முன்வந்தது என்பதைப் பெருமிதத்தோடு எழுதுகிறேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-லிருந்து விமானப் பொறியியல் கற்பிக்கிறது. அத்தகைய கல்லூரிகளின் ஆசிரியர்களும், விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று நம் மாவட்டங்களில் வாழும் தொழில்நுட்பர்களும் பரிசோதகர்களாக அமர்த்தப்பட்டு, அவர்கள் கையெழுத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மதிப்புக் கொடுக்குமானால், தனி மனிதனின் மொட்டை மாடிப் பிடிவாதம் ஒழுங்கான ஒரு கலையாக மாறும். அந்த ஏற்பாடு இல்லாதவரையில், இங்கே தன்னந்தனியாக முழு விமானத்தைக் கட்டப் புறப்படுகிற இளைஞனை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

வேறொன்றை ஊக்குவிப்பேன். பெட்டி வியாபாரிகள் பெரும்பாலும் விமானத்தை முழுதாக வாங்கும்படி வற்புறுத்துவதில்லை. வால் பகுதி, இறக்கை, உடல் என்று தனித்தனியே விற்கிறார்கள். முதலில் கட்டப்படுவது வால். அதன் விலை முழு விமானத்தின் விலையில் சிறு பங்கு. ஆயினும் துளையிடல், பிசிறெடுத்தல், குழித்தல், ரிவெட் அடித்தல், பூச்சு என்ற எல்லா வேலைகளும் அதற்குள் அடக்கம். கை பழகாதவர் பலர் இந்தக் கட்டத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். அது நஷ்டமன்று, பிராண ஆபத்து நேரும் முன்பே கிடைத்த தெளிவு. என்ஜின் வேண்டாம், ஓடுபாதை வேண்டாம். திருப்பத்தூர் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையமோ பாலிடெக்னிக்கோ ஒன்று அப்படி ஒரு வாலைத் தருவித்து, லேத்தும் சாணைக் கல்லும் ஏற்கெனவே இருக்கும் பட்டறையில், இருவர் இருவராக மாணவர்களை நிறுத்திக் கட்டச் செய்யலாம். ஒவ்வொரு நாளும் அடித்த ரிவெட்டுகளின் எண்ணிக்கையையும், துளைத்தெடுத்தவற்றின் எண்ணிக்கையையும் ஏட்டில் எழுதச் செய்யலாம். உறைத் தகட்டை மூடுவதற்கு முன் வெளியாளர் இருவர் உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்று விதிக்கலாம். தகட்டை மூடிய பின் எந்தப் பரிசோதகராலும் அந்த உட்புறத்தை முழுமையாகக் காண முடியாதாகையால், அந்த ஒப்பங்கள் உள்ள ஏட்டை வாலோடு சேர்த்துக் காட்ட முடிந்த பட்டறைக்கே அடுத்த பெட்டியாகிய இறக்கையை வரவழைக்கும் தகுதி உண்டு என்று நான் கருதுகிறேன்.