பட்டா யார் பெயரில்?

ஜீவனாம்ச வழக்கு என்று வந்துவிட்டால் நம் கணவர்கள் ஒரே வாரத்தில் ஏழையாகிவிடுகிறார்கள். நோட்டீஸ் வரும்வரை டிப்பர் லாரிக்கு ஓனராக இருந்தவர் நீதிமன்றப் படியேறும்போது வெறும் டிரைவர், ஆர்.சி. புத்தகம் தம்பி பெயருக்குப் போயிருக்கும். எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. தனியார் பள்ளிச் சம்பளமும் தையல் வருமானமும் மனைவியின் மனுவில் காணாமல் போவதுண்டு. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த நோய்க்குத்தான் மருந்து எழுதியது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அந்த மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதே இங்கே கேள்வி.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவைக் கூடுமானவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001 முதலே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கிலேயே 2013-இல் போட்ட மனுவின் இடைக்காலத் தொகைக்கான சண்டை 2020 வரை ஓடியது. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஒரு வழக்கில் கொடுக்கும் தொகையை இன்னொரு வழக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள்; இது கணவனுக்கும் நியாயம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்ற விதி. வாய்தா மேல் வாய்தா வாங்குவது அதுவரை லாபமான தொழிலாக இருந்தது. அந்த லாபத்தை இந்த ஒரு வரி வெட்டியது.

விவசாயியை மறந்து எழுதிய தீர்ப்பு என்றும் குறை சொல்ல முடியாது. அவருக்கென்றே தனிப் படிவம் பின்னிணைப்பில் இருக்கிறது. நிலம் நஞ்சையா புஞ்சையா, தனியா கூட்டா, இந்த ஆண்டு என்ன பயிர், கடந்த மூன்று ஆண்டில் என்ன வருமானம், குத்தகை நிலம் உண்டா, மாடு ஆடு கோழி எத்தனை என்று கிராம நிர்வாக அலுவலர்கூட இவ்வளவு துருவிக் கேட்கமாட்டார்.

அரியலூர் சிமென்ட் ஆலையில் நிரந்தர வேலையில் இருப்பவரிடம் இந்த ஏற்பாடு நன்றாகவே செல்லும். சம்பளச் சீட்டு, பி.எஃப்., வங்கிக் கணக்கு எல்லாம் கையில் இருக்கின்றன. அதே ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளியிடம் வரும்போதே பிடி தளர்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் போனால் பிடியே இல்லை. சின்ன வெங்காயத்தை அறுத்துப் பட்டறை போட்டு, விலை ஏறும்வரை காத்திருந்து விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடவு, களை, அறுவடை, தாள் அரிதல் என்று மருமகளின் கை படாத வேலை கிடையாது. பட்டா மாமனார் பெயரில். வியாபாரியிடம் பணம் வாங்குவதும் மாமனார். மகன் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து அனுப்பியிருந்தால், அந்தப் பணம் அப்பாவின் நத்தம் மனையில் மாடி வீடாக நிற்கிறது. இப்போது படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். நிலம்: இல்லை. வீடு: இல்லை. ஆண்டு வருமானம்: கூலி. ஒரு வரியும் பொய் இல்லை, பொய்ச் சத்தியம் என்று வழக்குப் போடவும் வழியில்லை. சொத்தை ஒளிப்பவனைப் பிடிக்கச் செய்த வலையில், ஒளிக்கத் தேவையே இல்லாதவன் சிக்கமாட்டான்.

நகையில் மட்டும் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. சீதனம் மனைவிக்கே சொந்தம், கணவன் எடுத்துச் செலவழித்தால் திருப்பித் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. 89 சவரன் பறிபோன கேரளப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஆனால் நம் ஊரில் விசாவுக்கும் போர்வெல்லுக்கும் போன நகைக்கு அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் கணவன் பெயரில்தான். மூழ்கிப்போன நகைக்குக் கல்யாண ஆல்பம்தான் சாட்சி.

ஆக, சட்டம் மாத வருமானத்தை அளக்கிறது. இங்கே கல்யாணத்தின் செல்வமோ மண்ணிலும் பொன்னிலும் கிடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளைப் பற்றித்தான் பேசும், பிறகு சேர்த்ததைப் பற்றி அல்ல. அரியலூர் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. மாவட்டத்துக்கு எல்லை பிரிக்க அரசாணை வருகிறது, தம்பதிக்குச் சொத்துப் பிரிக்கச் சட்டம் வரவில்லை. வரப் பார்த்தது: கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது, மறு ஆண்டு மக்களவை கலைந்தபோது காலாவதியானது.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் இன்னும் ஆழமாகப் போனது. கணவன் சவுதியில் உழைத்த பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கிய மாநில அரசும் வீட்டு வேலையை உழைப்பு என்றே ஒப்புக்கொண்டது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் நடந்தது சொத்து வழக்கு, விவாகரத்து வழக்கல்ல. ஒரு நீதிபதியின் தீர்ப்பு நாடாளுமன்றச் சட்டத்துக்கு ஈடாகவும் ஆகாது.

வயதான மாமனார் நிலத்தில் மருமகளுக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பரம்பரை நிலத்தை நானும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பின் மகன் பணத்தில் எழுந்த மாடியை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன்.

என் தீர்ப்பு இதுதான்: 2020 தீர்ப்பு தாமதத்துக்கு நல்ல மருந்து, பங்கீட்டுக்கு மருந்தே அல்ல. அந்த மருந்தும் ஒழுங்காகப் புகட்டப்படவில்லை. கீழமை நீதிமன்றங்கள் இதைப் பின்பற்றவில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டு மறுபடி சுற்றுக்கு விட்டது. புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எதிர்த்தரப்பிடம் கேள்வி கேட்டு ஆவணம் வரவழைக்கத் தீர்ப்பே வழி வைத்திருக்கிறது. பெரம்பலூர் வக்கீல்கள் அதைப் பிடித்துக்கொண்டு, வளைகுடாவிலிருந்து வந்த பணம் எந்தக் கணக்கில் ஏறி எந்தச் செங்கலில் இறங்கியது என்று முதல் வாய்தாவிலேயே கேட்கலாம்.